வீட்டில் செய்யும் ஹைட்ரஜன் கருவிக்கு எந்த மின்பகுளி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீரில் மின்சாரம் செலுத்தி ஹைட்ரஜனைப் பிரிக்கும் சிறு கருவியைத் தாமே செய்து பார்க்க விரும்புகிறவர்கள், தகடு, மின்வழங்கி, குழாய் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டுக் கடைசியில் தடுமாறும் இடம் ஒன்றுதான்: மின்பகுளியாக, அதாவது நீரை மின்சாரம் கடத்தச் செய்யும் பொருளாக, எதைக் கரைப்பது? சமையலறை அலமாரியில் கைக்கு எட்டுவதைப் போட்டுவிடும் பழக்கத்தால் விளையும் கெடுதலை, மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் வேதியியல் கற்பித்த ஆண்டுகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். மாணவர்களும் பெற்றோரும் ஆர்வலர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

மின்பகுளி எதற்கு? வெறும் நீர் போதாதா?

போதாது. தூய நீரில் அயனிகள் மிகமிகக் குறைவு. 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 55 கோடி நீர் மூலக்கூறுகளில் ஒன்றே அயனிகளாகப் பிரிந்திருக்கும். மின்சாரத்தைச் சுமந்து செல்ல ஆளில்லாத நீரில் மின்னோட்டம் பாய்வதில்லை. 100 சதுர செ.மீ. பரப்புள்ள இரு தகடுகளை 3 மி.மீ. இடைவெளியில் நிறுத்தி 10 ஆம்பியர் செலுத்த விரும்பினால், மிகத் தூய நீரின் தடையைக் கடக்கவே கணக்குப்படி ஐந்து லட்சம் வோல்ட்டுக்கு மேல் தேவைப்படும். 1800இல் லண்டனில் வில்லியம் நிக்கல்சனும் அந்தோணி கார்லைலும் அன்றைய மின்கலமான வோல்ட்டா அடுக்கைக் கொண்டு நீரைப் பகுத்தபோது அவர்கள் பயன்படுத்தியது இயல்பாகவே உப்புகள் கரைந்திருந்த நீர். அதனால்தான் குமிழிகள் தெரிந்தன. மின்பகுளியின் வேலை, மின்னூட்டத்தை ஒரு தகட்டிலிருந்து மறு தகட்டுக்குக் கொண்டு சேர்ப்பது. அதற்கு மேல் அது எதையும் செய்யக் கூடாது. இந்தப் பக்கத்தில் வரும் பெரும்பாலான விடைகள் இந்த ஒரு வரியிலிருந்தே பிறக்கின்றன.

நல்ல மின்பகுளியைப் போட்டால் அதிக வாயு கிடைக்கும் என்கிறார்களே?

ஒரே மின்னோட்டத்துக்கு ஒரே அளவு ஹைட்ரஜன்தான் கிடைக்கும். இது 1834இல் மைக்கேல் ஃபாரடே வெளியிட்ட விதி. ஒரு கலத்தில், அதாவது இரு தகடுகளும் இடையிலுள்ள கரைசலும் சேர்ந்த ஓர் அலகில், ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் பாய்ந்தால் 0.0376 கிராம் ஹைட்ரஜன் வெளிவரும். அறை வெப்பநிலையில் அது ஏறத்தாழ 0.46 லிட்டர், கூடவே அதில் பாதி அளவு ஆக்சிஜனும் வரும். காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) ஆனாலும் கந்தக அமிலம் ஆனாலும் இந்த எண் மாறாது.

மின்பகுளி மாற்றுவது செலவைத்தான். அதாவது அந்த ஓர் ஆம்பியரைத் தள்ள எத்தனை வோல்ட் கொடுக்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. நீரைப் பகுக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதும். வெப்பத்தையும் மின்சாரமே ஈடுகட்ட வேண்டுமென்றால் 1.48 வோல்ட். நடைமுறையில் ஒரு நல்ல கலத்துக்கு 2 வோல்ட் அளவில் தேவைப்படுகிறது. அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு வோல்ட்டும் நீரைச் சூடாக்கத்தான் போகிறது. "இந்தப் பொடியைப் போட்டேன், குமிழி இரட்டிப்பாகிவிட்டது" என்று சொல்பவரின் கருவியில் உண்மையில் இரட்டிப்பாகியிருப்பது மின்னோட்டம். ஓர் ஆம்பியர் மீட்டரை இணைத்துப் பார்த்தால் அது உடனே விளங்கிவிடும்.

அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

கரைக்கும் பொருள் இரு அயனிகளாகப் பிரிகிறது. இரண்டையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். எதிர்மின்வாயை நோக்கிச் செல்லும் நேர் அயனி, ஹைட்ரஜனுக்கு முன்னால் தான் முந்திக்கொண்டு எலக்ட்ரானை வாங்கிவிடக் கூடாது. மயில்துத்தம் இந்தச் சோதனையில் தோற்கிறது; தாமிரம் தகட்டில் படியுமே தவிர ஹைட்ரஜன் வராது. சோடியமும் பொட்டாசியமும் தேறுகின்றன. நேர்மின்வாயை நோக்கிச் செல்லும் எதிர் அயனி, ஆக்சிஜனுக்கு முன்னால் தான் வாயுவாகிவிடக் கூடாது. குளோரைடு இங்கே தோற்கிறது. ஹைட்ராக்சைடும் சல்பேட்டும் தேறுகின்றன.

மூன்றாவது கேள்வி, அந்தக் கரைசலில் உங்கள் தகடு தாக்குப்பிடிக்குமா என்பது. இதைப் பலர் கேட்பதே இல்லை. மின்பகுளியையும் தகட்டையும் தனித்தனியே தேர்ந்தெடுக்க முடியாது. ஒன்றை முடிவுசெய்தால் மற்றொன்று பாதி முடிவாகிவிடும். வீட்டில் கிடைப்பது எவர்சில்வர் என்றால் கரைசல் காரமாக இருக்க வேண்டும். அமிலமோ உப்போ கூடாது.

சமையல் உப்பு மலிவு, நன்றாகவும் மின்சாரம் கடத்தும். அதை ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு மட்டும் சற்று நீளமாகவே விடை சொல்ல வேண்டும். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை உப்பில்தான் தொடங்கின.

ஒருமுறை அறிவியல் கண்காட்சிக்குப் பயிற்சி எடுக்க வந்த பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர், ஊறுகாய் பாட்டிலில் இரண்டு எவர்சில்வர் கரண்டிகளை நிறுத்தி, ஒரு கைப்பிடி கல் உப்பைக் கரைத்து, பழைய பேட்டரி சார்ஜரை இணைத்திருந்தார். முதல் ஐந்து நிமிடம் குமிழிகள் அழகாக எழுந்தன. பிறகு நேர்மின்வாயாக இருந்த கரண்டியின் விளிம்பில் பச்சையும் பழுப்புமாக ஒரு புகை நீருக்குள் இறங்கத் தொடங்கியது. கால் மணி நேரத்தில் பாட்டிலின் அடியில் தேயிலைத்தூள் போன்ற வண்டல் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தங்கிவிட்டது; அதன் மேலே நின்ற நீர் மஞ்சளாக இருந்தது. கரண்டியை எடுத்துப் பார்த்தால் ஊசியால் குத்தியதுபோல் நூற்றுக்கணக்கான சிறு குழிகள். அறையில் நீச்சல் குள வாடை. சாளரங்களைத் திறந்துவிட்டு எல்லோரையும் வெளியே அனுப்பினேன். அந்த மாணவர் அன்று மாலை வரை இருமிக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். உப்பிலுள்ள குளோரைடு நேர்மின்வாயில் குளோரின் வாயுவாகிறது. ஒரு பகுதி நீரிலுள்ள காரத்தோடு சேர்ந்து, துணி வெளுக்கும் திரவத்தில் உள்ள அதே ஹைப்போகுளோரைட்டாகிறது. மீதி மூக்குக்கு வருகிறது. தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்தில் உள்ளதைப் போன்ற காஸ்டிக் சோடா ஆலைகள் உப்பு நீரிலிருந்து குளோரினையும் காஸ்டிக் சோடாவையும் ஹைட்ரஜனையும் வேண்டுமென்றே பிரித்தெடுக்கின்றன. அவற்றில் இரு பக்கத்தையும் பிரிக்கும் சவ்வும், வாயு கசியாத அமைப்பும், பயிற்சி பெற்ற ஆட்களும் உண்டு. ஊறுகாய் பாட்டிலில் இவை எதுவும் கிடையாது.

குளோரைடு செய்யும் இரண்டாவது தீங்கு அதைவிட நீடித்தது. எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன் மேலுள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கிறது. நேர்மின்வாயில் இரும்பும் நிக்கலும் குரோமியமும் கரைந்து வெளியேறுகின்றன. அந்தக் குரோமியத்தில் ஒரு பகுதி அறுமதிப்புள்ள குரோமியமாக, அதாவது குரோமேட்டாக மாறுகிறது. நீரின் மஞ்சள் நிறம் அதுவாக இருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். இது புற்றுநோயை உண்டாக்கும் பொருள். ராணிப்பேட்டையில் மூடப்பட்டுப் பல ஆண்டுகளான குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் இன்றும் நிலத்தடி நீரைப் பற்றிய கவலையாக நிற்பதை அந்தப் பகுதி மக்கள் அறிவார்கள். அந்த வகைப் பொருளைச் சிறு அளவில்கூட வீட்டுக்குள் தயாரித்து, அதைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிடக் கூடாது. உப்பு வேண்டவே வேண்டாம்.

பாடப்புத்தகத்தில் கந்தக அமிலம்தானே சொல்லியிருக்கிறது?

பாடப்புத்தகம் சொல்வது சரியே. ஆனால் அந்தப் படத்தில் இருக்கும் ஹாஃப்மன் வோல்ட்டாமீட்டர் என்னும் நீர்ப் பகுப்புக் கருவியின் மின்வாய்கள் பிளாட்டினத்தாலானவை. நீர்த்த கந்தக அமிலம் மிக நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். சல்பேட் அயனி ஆக்சிஜனை முந்தாது. மின்பகுளி என்ற அளவில் குறையே சொல்ல முடியாது. குறை நம்மிடம் பிளாட்டினம் இல்லாததில்தான் இருக்கிறது. எவர்சில்வரை அமிலத்தில் நேர்மின்வாயாக நிறுத்தினால் அது கரைந்து, மேலே சொன்ன அதே உலோகக் கழிவைத் தரும். பேட்டரி கடையில் விற்கும் ஆசிட் எடையளவில் 37 சதவீதம் வரை அமிலம் கொண்டது. கண்ணுக்கும் தோலுக்கும் துணிக்கும் அது ஆகாது. ஆய்வகத்தில், ஆசிரியர் முன்னிலையில், பிளாட்டின மின்வாயோடு என்றால் அமிலம் சரி. வீட்டுக்கு அது பொருந்தாது.

ஆப்பச் சோடா பாதுகாப்பானதுதானே?

கைக்குப் பாதுகாப்பானது; கருவிக்குப் பொருத்தமானது அன்று. ஆப்பச் சோடா என்னும் சோடியம் பைகார்பனேட், அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் 100 கிராமுக்கும் சற்றுக் குறைவாகவே கரையும். அதன் கடத்துதிறன் 30 சதவீதக் காஸ்டிக் பொட்டாஷ் கரைசலினுடையதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இன்னொரு குறையும் உண்டு. நேர்மின்வாயில் ஆக்சிஜன் உண்டாகும்போது அந்த இடத்தில் தோன்றும் அமிலத்தன்மை பைகார்பனேட்டைச் சிதைக்கிறது. ஆகவே ஆக்சிஜனோடு கரியமில வாயுவும் கலந்து வரும். "ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் எனக்கு வரவில்லையே" என்று கேட்கும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஆப்பச் சோடா போட்டாயா என்பதுதான்.

அதற்குப் பதில் சலவைச் சோடாவைப் பயன்படுத்தலாம். சோடியம் கார்பனேட்டாகிய அது போதிய காரத்தன்மை கொண்டது, எவர்சில்வரை ஓரளவு காக்கும், கரியமில வாயுவும் பெரிதாக வராது. சலவைத் தூளோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சலவைத் தூளில் நுரைக்கும் பொருள்கள் இருப்பதால், பாட்டிலில் இருக்க வேண்டிய கரைசல் நுரையாகிக் குழாய்க்குள் ஏறிவிடும்.

வினிகர், எலுமிச்சைச் சாறு, எப்சம் உப்பு?

வினிகரும் எலுமிச்சைச் சாறும் வலுவற்ற அமிலங்கள். சரியாகக் கடத்தவும் செய்யாது, உலோகத்தையும் விட்டுவைக்காது. எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) கடத்தும். ஆனால் எதிர்மின்வாயில் காரம் உண்டாகும்போது மெக்னீசியம் ஹைட்ராக்சைடு வெண்படலமாகத் தகட்டில் அப்பிக்கொண்டு நாளடைவில் மின்னோட்டத்தைக் குறைத்துவிடும்.

காஸ்டிக் சோடாவா, காஸ்டிக் பொட்டாஷா?

இரண்டும் ஒரே குடும்பம். சோடியம் ஹைட்ராக்சைடும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும். ஹைட்ரஜனைப் பேரளவில் உற்பத்தி செய்யும் காரவகை ஆலைகள் நெடுங்காலமாக 25 முதல் 30 சதவீதப் பொட்டாஷ் கரைசலை 70, 80 டிகிரி வெப்பத்தில் பயன்படுத்துகின்றன. பொட்டாசியம் அயனி சோடியம் அயனியைவிட நீரில் வேகமாக நகர்வதால் பொட்டாஷின் கடத்துதிறன் மேலானது. காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கார்பனேட்டாக மாறினாலும், பொட்டாசியம் கார்பனேட் மிக எளிதில் கரைவதால் துளைகளை அடைத்துக்கொள்வதில்லை.

ஆலைக்கு இந்த வேறுபாடு முக்கியம். ஆண்டு முழுவதும் இரவும் பகலும் ஓடும்போது ஒரு கலத்துக்கு 0.05 வோல்ட் மிச்சமானாலும் பெருந்தொகை. வாரத்தில் ஒரு மணி நேரம் ஓடும் மேசைக் கருவிக்கு அது கண்ணுக்கே தெரியாது. சோப்புக்குப் பயன்படும் காஸ்டிக் சோடா எளிதில் கிடைக்கிறது, விலையும் குறைவு. பொட்டாஷ் கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அதற்காக அலைய வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் குழாய் அடைப்பு நீக்கும் தூளை மட்டும் காஸ்டிக் சோடா என்று நினைத்து வாங்கக் கூடாது. அவற்றில் சிலவற்றில் அலுமினியத் துணுக்குகள் கலந்திருக்கும். நீர் பட்டவுடன் அவை மின்சாரமே இல்லாமல் ஹைட்ரஜனையும் கடும் வெப்பத்தையும் வெளியிடத் தொடங்கிவிடும்.

ஒரு லிட்டருக்கு எவ்வளவு கரைக்க வேண்டும்?

பலர் நினைப்பதைவிடக் குறைவாக. ஆலையில் 30 சதவீதம் என்று படித்துவிட்டு வீட்டிலும் அதையே செய்ய முனைவது தேவையற்ற ஆபத்து. 30 சதவீதத்தில் கிடைக்கும் கடத்துதிறனில் பாதிக்கு மேல் 10 சதவீதத்திலேயே கிடைத்துவிடுகிறது. முன்பு சொன்ன அதே தகடுகளை எடுத்துக்கொள்வோம்: 100 சதுர செ.மீ., 3 மி.மீ. இடைவெளி, 10 ஆம்பியர். அறை வெப்பநிலையில் 30 சதவீதப் பொட்டாஷ் கரைசலின் தடையைக் கடக்க ஏறத்தாழ 0.05 வோல்ட் செலவாகும். 10 சதவீதக் கரைசலுக்கு 0.08 வோல்ட். காரத்தை மும்மடங்காக்கி நாம் மிச்சப்படுத்துவது 0.03 வோல்ட்தான். ஆனால் கண்ணில் தெறிக்கும் ஒரு துளி செய்யும் கேடு அந்த அளவுக்கு மெல்லிய வேறுபாடாக இருக்காது. ஒப்பிட்டுப் பார்க்க, இதே இடத்தில் ஆப்பச் சோடா கரைசலுக்கு அரை வோல்ட்டுக்கு மேல் செலவாகும்.

ஆகவே 5 சதவீதத்தில் தொடங்கி, தேவைப்பட்டால் 10 வரை செல்லலாம் என்பதே என் பரிந்துரை. பொட்டாஷ் வில்லைகளில் 10 முதல் 15 சதவீதம் வரை ஈரம் இருக்கும் என்பதால், ஒரு லிட்டர் நீருக்கு 10 சதவீதக் கரைசல் வேண்டுமென்றால் 130 கிராம் அளவு எடுக்க வேண்டியிருக்கும். இன்னும் குமிழி வேண்டுமென்றால் காரத்தைக் கூட்டாதீர்கள். தகட்டின் பரப்பைக் கூட்டுங்கள், இடைவெளியைக் குறையுங்கள்.

தொடங்கும்போது 6 ஆம்பியர், அரை மணியில் 12 ஆம்பியர் காட்டுகிறது. ஏன்?

கரைசல் சூடாகிறது. சூடான கரைசல் மேலும் நன்றாகக் கடத்தும், அதனால் மின்னோட்டம் கூடும், அதனால் மேலும் சூடாகும். இந்தச் சுழல் தானாக நிற்காது. பெரும்பாலும் இதற்குக் காரணம், ஒரே கலத்துக்கு 12 வோல்ட் முழுவதையும் கொடுப்பதுதான். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 120 வாட்; அதில் நீரைப் பகுக்கச் செலவாவது 15 வாட்கூட இல்லை, மீதி 105 வாட்டும் கரைசலைக் காய்ச்சுகிறது. அதே 12 வோல்ட்டை வரிசையாக இணைத்த ஆறு கலங்களுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 2 வோல்ட் கிடைக்கும்; அதே 10 ஆம்பியர் பாய்ந்தால் ஆறு கலங்களிலும் வாயு வரும், வெப்பமும் அடங்கியிருக்கும். மின்னோட்டத்துக்கு வரம்பு வைக்கக்கூடிய மின்வழங்கி இருந்தால் இன்னும் நல்லது. கரைசல் கைபொறுக்காத சூட்டுக்கு வந்துவிட்டால் இணைப்பைத் துண்டித்து ஆறவிட வேண்டும்.

எந்தத் தகடு, எந்தப் பாத்திரம்?

காரக் கரைசலுக்கு நிக்கல் மிகச் சிறந்தது. அது கிடைக்காத நிலையில் 316எல் அல்லது 304 ரக எவர்சில்வர். தாமிரத்தை நேர்மின்வாயாக வைத்தால் நீலப் படிவு வரும். பென்சில் கரி மெல்ல உதிர்ந்து கரைசலைக் கறுப்பாக்கும். அலுமினியமும் துத்தநாகம் பூசிய தகரமும் காரத்தில் தாமே கரைந்துவிடும். ஈயப் பற்றையும் காரம் அரிக்கும் என்பதால் கம்பி இணைப்புகள் கரைசலுக்கு வெளியே இருக்க வேண்டும்.

பாத்திரத்துக்குக் கெட்டியான வெள்ளை எச்.டி.பி.இ. அல்லது பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக் ஏற்றது. தண்ணீர் பாட்டில் செய்யப்படும் பெட் பிளாஸ்டிக்கை அடர்ந்த காரம் நாளடைவில் அரித்துவிடும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. காஸ்டிக் கரைசல் பார்வைக்கு நீர்போலவே இருக்கும், வாடையும் கிடையாது. தண்ணீர் பாட்டிலில் அதை ஊற்றி வைத்த வீட்டில், தாகத்தோடு ஓடிவரும் குழந்தை அதை எடுத்துக் குடிக்கக்கூடும். உணவுக்குழாய் வெந்துபோகும் அந்தக் காயம் வாழ்நாள் முழுவதும் தொடரும். உணவுக்கோ நீருக்கோ பயன்பட்ட எந்தப் பாத்திரத்திலும், ஐந்து நிமிடத்துக்குக்கூட, காஸ்டிக் கரைசலை வைக்கவே கூடாது. தனிப் பாத்திரம், பெரிய எழுத்தில் பெயர், பூட்டக்கூடிய இடம்.

குழாய் நீரைப் பயன்படுத்தலாமா? குறைந்தால் எதை நிரப்புவது?

ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் வெண்படிவாக இறங்கும். அதிலுள்ள குளோரைடு, நாம் கதவடைத்து விரட்டிய உப்பைச் சாளரம் வழியே உள்ளே விடுவது போன்றது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரே சரி.

கருவி ஓடும்போது செலவாவது நீர் மட்டுமே. காரம் அப்படியே இருக்கும். ஆகவே மட்டம் குறைந்தால் நீரை மட்டும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கரைசலையே ஊற்றுகிறவர்களுக்குச் சில வாரங்களில் அடர்வு ஏறிவிடும். ஒரு லிட்டர் நீர் முழுவதும் பகுக்கப்பட்டால் 1,200 லிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் கிடைக்கும் என்பதால் அடிக்கடி நிரப்பும் தேவையும் வராது. இதில் வியப்பான ஒரு செய்தியும் உண்டு. சாதாரண ஹைட்ரஜன் எளிதில் வெளியேறி, அதன் கனமான வகையாகிய டியூட்டீரியம் பின்தங்குவதால், தொடர்ந்து ஓடும் கலத்தில் எஞ்சும் நீரில் கனநீரின் (டியூட்டீரியம் கொண்ட நீரின்) அளவு சிறிது சிறிதாகக் கூடும். நார்வேயின் வெமோர்க் ஆலை 1930களில் கனநீரைத் திரட்டியதும், பஞ்சாபின் நங்கலில் 1962இல் இந்தியாவின் முதல் கனநீர் ஆலை எழுந்ததும் ஹைட்ரஜனுக்காக நடந்த மின்னாற்பகுப்பின் துணையோடுதான்.

காஸ்டிக்கை எப்படிக் கரைப்பது?

நீரில் காஸ்டிக்கைப் போட வேண்டும். காஸ்டிக்கின் மேல் நீரை ஊற்றக் கூடாது. 100 கிராம் காஸ்டிக் சோடா ஒரு லிட்டர் நீரில் கரையும்போது வெப்பநிலை ஏறத்தாழ 25 டிகிரி உயரும். குவியலின் மேல் சிறிதளவு நீர் விழுந்தால் அந்த வெப்பம் முழுவதும் ஓரிடத்தில் சேர்ந்து கொதித்துத் தெறிக்கும். குளிர்ந்த நீரில் கரண்டி கரண்டியாக, கலக்கிக்கொண்டே சேர்க்க வேண்டும். கண்ணை முழுவதும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம்.

விரலில் பட்டால் முதலில் வலிக்காது. சோப்பு பட்டதுபோல் வழுவழுப்பாக இருக்கும். அந்த வழுவழுப்பு, தோலிலுள்ள கொழுப்பே சோப்பாக மாறுவதால் வருவது. வலி தெரியும் வரை காத்திருக்காமல் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்துக் குறைந்தது இருபது நிமிடம் நீர் விட்டுக் கழுவிவிட்டு, உடனே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். காரத்தை முறிக்கிறேன் என்று தோலிலோ கண்ணிலோ வினிகரை ஊற்றக் கூடாது.

பள்ளி மாணவர்களுக்கு நீங்கள் எதைக் கொடுப்பீர்கள்?

காஸ்டிக்கைக் கொடுக்க மாட்டேன். ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று, பென்சில் கரி இரண்டு, சோடியம் சல்பேட் ஒரு தேக்கரண்டி. கரி சற்று உதிரும். பத்து நிமிடச் சோதனைக்கு அது பொருட்டல்ல. அதில் செம்பருத்திப் பூவை வெந்நீரில் ஊறவைத்து எடுத்த சாற்றைச் சில சொட்டு விட்டால், எதிர்மின்வாயைச் சுற்றிப் பச்சையும் நேர்மின்வாயைச் சுற்றிச் சிவப்பும் படரும். நீர் பிரியும்போது ஒரு பக்கம் காரமும் மறுபக்கம் அமிலமும் பிறக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கரும்பலகையும் காட்டியதில்லை.

மின்பகுளி சரியாக இருந்தால் கருவி பாதுகாப்பானதா?

இல்லை. மின்பகுளி பிழையானால் தோலும் நுரையீரலும் பாதிக்கப்படும். வாயுவைக் கையாள்வது பிழையானால் உயிரே போகலாம். ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் தீப்பற்றும். அதற்குத் தேவையான பொறி, சட்டையைக் கழற்றும்போது எழும் நிலைமின் பொறியைவிடச் சிறியது. இரண்டு வாயுக்களும் ஒரே குழாயில் கலந்து வரும் கருவியில் நிலைமை இன்னும் மோசம். முழுமையாக எரியத் தேவையான விகிதத்தில் அவை ஏற்கெனவே கலந்திருக்கின்றன. அந்தக் கலவை வெடித்தால் வெடியலை வினாடிக்கு ஏறத்தாழ 2.8 கி.மீ. வேகத்தில் செல்லும், கருவியையே சிதறடித்து உள்ளிருக்கும் காஸ்டிக்கை முகத்தில் வீசும்.

ஆகவே இரு வாயுக்களையும் தனித்தனிக் குழாயில் எடுக்கும் அமைப்பையே செய்யுங்கள். ஓடும்போது வாயு வெளியேறும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். வாயுவை நீர் நிரம்பிய ஒரு குப்பியின் அடியில் விட்டு மேலே எடுத்தால், கூட வரும் காரத் துளிகள் அங்கேயே தங்கிவிடும். சுடர் பின்னோக்கிப் பாய்ந்தால் அதையும் ஓரளவு தடுக்கும். பாட்டிலிலோ பலூனிலோ சிலிண்டரிலோ சேமிக்க வேண்டாம். திறந்த வெளியில், சிறு அளவில், பொறி எழும் சுவிட்சுகள் அருகில் இல்லாமல் செய்யுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியை மூடிய அறையில் வைக்காதே என்று சொல்வதும் இதே ஹைட்ரஜனை எண்ணித்தான்.

சரியான மின்பகுளியைக் கண்டுபிடித்தால் இதை வைத்து அடுப்பெரிக்கவோ வண்டி ஓட்டவோ முடியுமா?

முடியாது. 12 வோல்ட், 10 ஆம்பியர், ஆறு கலம், ஒரு மணி நேரம் ஓடினால் கிடைக்கும் 27 லிட்டர் ஹைட்ரஜனின் எரிவெப்பம், ஏறத்தாழ ஆறு கிராம் சமையல் எரிவாயுவினுடையதற்குச் சமம். அதற்கு நாம் கொடுத்த மின்சாரம் அதைவிட அதிகம். வண்டியின் எஞ்சினே மின்சாரம் தந்து, அந்த மின்சாரம் ஹைட்ரஜன் தந்து, அந்த ஹைட்ரஜன் எஞ்சினை ஓட்டுவது என்பது ஒவ்வொரு படியிலும் இழப்பு மட்டுமே உள்ள சுற்று. நீரால் ஓடும் கார் என்று பரப்பிய அமெரிக்கர் ஸ்டான்லி மேயரின் கலத்தை 1996இல் ஒஹாயோ நீதிமன்றம் மோசடி என்று தீர்ப்பளித்தது. அந்தக் கலத்திலும் நிபுணர்கள் கண்டது வழக்கமான மின்னாற்பகுப்பையே.

பழைய கரைசலை என்ன செய்வது?

ஒரு கண்ணாடிக் குவளையில் சிறிது எடுத்து வெள்ளைத் தாளின் முன் பிடித்துப் பாருங்கள். நிறமற்றுத் தெளிவாக இருந்தால், வடிகட்டி, அதற்கென்றுள்ள பாத்திரத்தில் மூடி வைத்து மீண்டும் பயன்படுத்தலாம்; திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவால் வலு இழக்கும். பயன்படுத்திய உடனே மூடாமல், கரைந்துள்ள வாயு வெளியேறச் சற்று நேரம் விட்டு மூடுங்கள். தெளிந்த கரைசலை அப்புறப்படுத்த வேண்டுமென்றால், நிறைய நீர் சேர்த்து, லிட்மஸ் தாள் நீலமாகாத நிலை வரும் வரை வினிகரைச் சிறிது சிறிதாக விட்டு, பிறகு ஊற்றலாம்.

மஞ்சள் நிறம் தெரிந்தால் அதை வடிகாலிலோ செடிக்கோ ஊற்றக் கூடாது, கையாலும் தொடக் கூடாது. கெட்டியான பிளாஸ்டிக் பாத்திரத்தில் மாற்றி, "குரோமியம் கலந்த காரம்" என்று எழுதி ஒட்டி, அருகிலுள்ள கல்லூரி வேதியியல் துறையில் கேட்டு, ஆய்வகக் கழிவோடு சேர்க்க ஒப்படையுங்கள். அடுத்த முறை கரைசலைத் தயாரிக்கும் முன், நீரில் உப்பு எங்கிருந்து வந்தது, தகடு என்ன ரகம், ஒரு கலத்துக்கு எத்தனை வோல்ட் சென்றது என்ற மூன்றையும் சரிபாருங்கள். மஞ்சள் நிறத்துக்கான காரணம் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றாகவே இருக்கும்.